மண்ணைப் பார்த்து டயர் போடுங்கள்!

தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் இன்று தெருவுக்குத் தெரு நிற்கின்றன. வண்டி வாங்கிய கையோடு பலரும் தேடிப் போவது, பட்டன் பட்டனாகப் பல் தெரியும் மட் டெரெய்ன் டயர்களை. அந்த டயர் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

ஐப்பசி மழைக்கு மறுநாள். விளாத்திகுளம் பக்கம் நண்பரின் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவருடைய வண்டிக்கு அந்த வாரம்தான் நான்கு மட் டெரெய்ன் டயர்கள் போட்டிருந்தார். ஃபோர் வீல் டிரைவ், புது டயர், இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற தைரியத்தில் தார் ரோட்டை விட்டு வண்டிப்பாதையில் இறங்கினோம். இருநூறு அடி போயிருக்க மாட்டோம். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.

இறங்கிப் பார்த்தேன். டயரின் பட்டன்களையே காணோம். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு பள்ளம் இருந்த இடமெல்லாம் கரிசல் மண் அப்பி அடைத்துக்கொண்டு, நான்கு சக்கரமும் மாவு பிசைந்து உருட்டியதுபோல மழமழவென்று இருந்தன. கொடுத்த விலை முழுவதும் அந்த மண்ணுக்கு அடியில் புதைந்து கிடந்தது.

பக்கத்துக் காட்டிலிருந்து டிராக்டர் கொண்டுவந்த பெரியவர் முதலில் செய்த காரியம், குனிந்து டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததுதான். “என்ன தம்பி, காத்து கல்லு மாதிரி இருக்கே. இவ்வளவு காத்த வச்சிக்கிட்டு கரிசல்ல எறங்கலாமா? மொதல்ல காத்த எறக்குங்க, அப்புறம் கயித்தக் கட்டுவோம்” என்றார். அதே மண்ணில் அவருடைய டிராக்டர் சக்கரம் பிடித்த மண்ணை ஓரங்களில் உதறிக்கொண்டே ஏறிப் போனது. டயரைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாத பாடத்தை அந்தக் கால் மணி நேரத்தில் கற்றுக்கொண்டோம்.

பிடிப்பதும் உதறுவதும்

டிராக்டரின் பின்சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். உயரமான ரப்பர் வரிகள் நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் சாய்ந்து இறங்கும். அந்தச் சாய்வுக்கு இரண்டு வேலை. மண்ணைக் கவ்வுவது ஒன்று. கவ்விய மண்ணை ஓரத்துக்குத் தள்ளி வெளியே எறிவது இன்னொன்று. அதனால்தான் டயரைத் திருப்பி மாட்டினால் உழவு சரியாக ஓடாது.

மட் டெரெய்ன் டயரும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. பெரிய பட்டன்கள், நடுவே அகலமான பள்ளங்கள். சாதாரண ரோடு டயரின் முகத்தில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரைதான் பள்ளம். மட் டெரெய்னில் அது கிட்டத்தட்டப் பாதியை நெருங்கும். புது ரோடு டயரில் பட்டன் ஆழம் 8, 9 மில்லிமீட்டர் இருந்தால், இதில் 14, 15 வரை இருக்கும். நல்ல தயாரிப்பில் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன ரப்பர் மேடுகளும் இருக்கும். பட்டன்களுக்கு இடையே சிக்கிய கல் உள்ளே துளைத்துக்கொண்டு போகாமல் தள்ளிவிடுவதற்காக வைத்தவை அவை. பக்கச் சுவரிலும் பல் இறங்கி வந்திருக்கும். சக்கரம் பாதித் தடத்தில் புதைந்து நிற்கும்போது தடத்தின் ஓரச் சுவரைப் பிடித்து ஏறுவது அந்தப் பற்கள்தான்.

உதறுவதற்கு வேகம் வேண்டும். சக்கரம் ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் மண் விட்டெறியும். ஒட்டாத சேற்றில் இது எளிது. கரிசல் போன்ற ஒட்டும் களிமண்ணில் எவ்வளவு நல்ல டயரானாலும் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். மழை விட்டு மண் காயும்வரை பொறுப்பதுதான் அங்கே சிறந்த டயர். கரிசல் சம்சாரி தலைமுறை தலைமுறையாக அதைத்தான் செய்கிறார்.

நான்கு வகை, நான்கு வேலை

கடையில் போய் நின்றால் எச்.டி., ஏ.டி., ஆர்.டி., எம்.டி. என்று எழுத்துகளாகச் சொல்வார்கள். எச்.டி. என்பது ஹைவே டெரெய்ன்: தார் ரோட்டுக்கானது, சத்தம் இல்லாதது, மழையில் நன்றாகப் பிடிப்பது. ஏ.டி. என்பது ஆல் டெரெய்ன்: ரோட்டையும் மண் பாதையையும் சமாளிப்பது. ஆர்.டி. என்பது ரக்கட் டெரெய்ன்: ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் நடுவில் அண்மைக் காலத்தில் பரவிய வகை. எம்.டி. என்பது மட் டெரெய்ன்.

இந்த வகைகள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப் 6.00-16 அளவுள்ள ஒல்லி டயரில்தான் ஓடியது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி பிடிக்கும் பட்டன் அதில் இருந்தது. 1947-ல் மஹிந்திரா அந்த ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியபோது அந்த அளவும் கூடவே வந்தது. பிறகு வெகுகாலம் நம் மலைச் சாலை ஜீப்புகளுக்கு அதுவே டயர். 1976-ல் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் ஆல் டெரெய்ன் ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் மட் டெரெய்னும் வந்தது. இன்று நம் சந்தையில் பி.எஃப்.குட்ரிச், மேக்ஸிஸ், யோகோஹாமா என்று பல பெயர்களில் எம்.டி. டயர்கள் கிடைக்கின்றன.

2020 அக்டோபரில் புதிய தார், 2023 ஜூனில் ஜிம்னி, 2024 ஆகஸ்டில் தார் ராக்ஸ் என்று வண்டிகள் வரிசையாக வந்த பிறகு, காட்டையும் மலையையும் அறிந்த சிலரிடம் மட்டுமே இருந்த இந்த டயர் நகரத்துக் குடும்பங்களின் கேள்வியாகிவிட்டது. தோற்றம் கம்பீரம்தான், மறுப்பதற்கில்லை. அந்தக் கம்பீரத்துக்குத் தார் ரோட்டில் ஒரு விலை உண்டு.

மழை நனைத்த தார் ரோடு

டயர் தார் ரோட்டைப் பிடிப்பது ரப்பரால். எவ்வளவு ரப்பர் ரோட்டைத் தொடுகிறதோ, அந்த அளவுக்குப் பிடிப்பு. பாதி முகம் பள்ளமாக இருக்கும் டயரில் தொடும் ரப்பரே குறைவு. போதாததற்கு, ரோடு டயரின் பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் நிறைய இருக்கும். ஈரத் தார்மேல் படர்ந்த நீர்ப் படலத்தை உடைப்பது அந்தக் கீறல்கள். எம்.டி. டயரில் அவை மிகக் குறைவு. கல்லில் கிழியாமல் இருக்க வேண்டுமென்பதால் ரப்பரும் பெரும்பாலும் கெட்டி. உயரமான பட்டன்கள் பிரேக் போடும்போது வளைந்து நெளியும்.

விளைவு, ஈரச் சாலையில் பிரேக் மிதித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். வளைவில் சீக்கிரம் வழுக்கும். வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் நினைத்துப் பாருங்கள். அங்கே சாரல் மழையில் உங்கள் குடும்பத்தைக் காப்பது தார் ரோட்டைப் பிடிக்கும் டயர்தான். மலைக்குப் போகிறோம் என்பதற்காக எம்.டி. போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். மலைச் சாலை பெரும்பாலும் தார் ரோடுதான்.

சத்தமும் சேர்ந்துகொள்ளும். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒரு முனகல் தொடங்கும். பட்டன் தேயத் தேய அது ஊளையாகும். டயர் எடை கூடுவதால் எரிபொருள் செலவு கூடும், ஸ்டீயரிங் மந்தமாகும். பல எம்.டி. டயர்களின் வேகக் குறியீடு கியூ, அதாவது மணிக்கு 160 கிலோமீட்டர்தான் உச்சம். நம் சாலைக்கு அது போதும். ஆனால் பிடிப்பும் சத்தமும் மேலே சொன்னபடி இருப்பதால், 120-ல் பறக்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்த டயர் ஏற்றதல்ல.

உங்கள் மண் எது?

‘ஆஃப் ரோடு’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல மண்கள் அடங்கியிருக்கின்றன. தேர்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

டெல்டாவின் வயல் வரப்புப் பாதை, மழைக்காலத்துத் தோட்டப் பாதை, காபி, தேயிலை எஸ்டேட்டுக்குள் லாரி ஓடிக் குழைந்த தடம் ஆகியவை எம்.டி. டயரின் சொந்த மண். மாதத்தில் பாதி நாள் அங்கேயே வண்டி ஓட்டுகிறவர் தயங்காமல் வாங்கலாம்.

செம்மண் பாதை வேறு. மேலே வழவழப்பு, கீழே கெட்டித் தரை. நல்ல ஏ.டி. டயர் போதும். தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் பக்கம் பரந்து கிடக்கும் தேரிக்காட்டுச் செம்மணல் முற்றிலும் வேறு. மணலில் மிதக்க வேண்டும், தோண்டக் கூடாது. எம்.டி. டயரின் பட்டன் மணலைத் தோண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்த இரண்டாவது நொடி வண்டி அச்சுவரை இறங்கிவிடும். காற்று இறக்கிய ஏ.டி. டயர் அதே மணலைச் சுலபமாகக் கடக்கும்.

பாறைக்குச் சாட்சி கொழுக்குமலை. தேனி மாவட்டத்தில் ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். ரோடு என்று சொல்ல முடியாத அந்தக் கற்பாதையில் தினமும் ஏறி இறங்குபவை பழைய ஜீப்புகள். அகலமான, ஆடம்பரமான டயர்கள் அவற்றின் பலம் அல்ல. குறைந்த கியரில் அவசரமில்லாமல் கல்லுக்குக் கல் சக்கரத்தை எடுத்து வைக்கும் ஓட்டுநரின் கையும் காலும்தான் பலம். டயரில் அங்கே பார்க்க வேண்டியது பக்கச் சுவரின் கெட்டி. பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச் சுவர் கிழிந்தால் எந்தப் பஞ்சர் கடையும் காப்பாற்றாது.

மலேசியாவில் 1997-ல் தொடங்கி, 2014 முதல் கோவாவிலும் மழைக்காலத்தில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அங்கே வரும் வண்டிகளில் மிகக் கடுமையான சேற்று டயர்கள் இருக்கும். அத்தனையிலும், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் ‘விஞ்ச்’ கருவியும் இருக்கும். எந்த டயரும் எல்லாச் சேற்றையும் வெல்லாது என்பதை அந்த வீரர்கள் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்.

அகலக்கால் வைக்கலாமா?

பெரிய டயர் என்றால் நல்லது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர்15. 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 80 சதவீதம் பக்கச் சுவரின் உயரம். 15 என்பது டிஸ்கின் விட்டம், அங்குலத்தில். கூட்டினால் டயரின் மொத்த விட்டம் 693 மில்லிமீட்டர். பலரும் ஆசைப்படும் 235/75 ஆர்15-க்கு மாற்றினால் விட்டம் 733.5 மில்லிமீட்டர். வித்தியாசம் 40 மில்லிமீட்டர். அதில் பாதிதான் வண்டியின் அடிப்பாகத்தை உயர்த்தும். இவ்வளவு செலவுக்கும் கிடைக்கும் உயரம் இரண்டு சென்டிமீட்டர்.

இழப்பது என்ன? சுற்றளவு ஏறக்குறைய 6 சதவீதம் கூடிவிட்டது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ஐ நெருங்கி ஓடும். அதே 6 சதவீதம் இழுவை குறையும். ஏற்றத்தில் கியரைக் குறைக்க வேண்டிவரும். பிரேக்குக்கும் ஸ்டீயரிங் பாகங்களுக்கும் சுமை. முழுக்கத் திருப்பினால் டயர் ஃபெண்டரில் உரசும்.

அகலத்திலும் கவனம் வேண்டும். சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருந்தால் ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு இறங்கித் தரையைத் தொட்டுவிடும். அகல டயர் மேலேயே வழுக்கும். அடியே காணாத சகதியில் மட்டும்தான் அகலம் உதவும். நம் ஊர்ப் பாதைகளில் பெரும்பாலானவை முதல் வகை. கம்பெனி கொடுத்த அகலத்தை ஒட்டியே நிற்பது நல்லது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. உடலுக்கு வெளியே துருத்தும் டயர் சோதனையில் மட்டுமல்ல, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போதும் தொல்லை தரும்.

காற்றுதான் பாதி டயர்

விளாத்திகுளத்துப் பெரியவர் கட்டைவிரலால் சொன்னதை எண்களில் சொல்கிறேன். ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டும் வண்டிக்குச் சேற்றில் 18 முதல் 20, மணலில் 15 வரை இறக்கலாம். காற்று குறைந்ததும் டயர் தரையில் நீளவாக்கில் படியும். கூடுதல் பட்டன்கள் மண்ணைத் தொடும். டயர் நெளிவதால் பள்ளத்தில் அடைத்த மண்ணும் உதிரும். 15-க்குக் கீழே போனால் டயர் டிஸ்கிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு.

இறக்கிய காற்றோடு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். தார் ரோட்டில் ஏறியதும் மீண்டும் நிரப்பியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். ஆகவே எம்.டி. டயர் வாங்கும் முன் வாங்க வேண்டியவை இரண்டு: ஒரு நல்ல காற்று மீட்டர், ஒரு சிறிய கம்ப்ரஸர். இவை இரண்டும் கையில் இருந்தால், இருக்கிற ஏ.டி. டயரே போதும் என்று பலருக்குத் தோன்றிவிடும்.

கடையில் நிற்கும்போது

1. தயாரித்த தேதி: பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளுபடிக்குக்கூட வாங்காதீர்கள். ரப்பர் ஓடாமலேயே இறுகிவிடும்.

2. சுமைக் குறியீடு: அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 112 என்றால் 1,120 கிலோ. கம்பெனி டயரில் உள்ள எண்ணுக்குக் குறையவே கூடாது.

3. ப்ளை: ‘10 ப்ளை’ என்பது பலத்தைக் குறிக்கும் மதிப்பீடு, உள்ளே பத்து அடுக்கு இருப்பதாகப் பொருள் இல்லை. பக்கச் சுவரில் எத்தனை அடுக்கு என்று தனியாக எழுதியிருக்கும், அதைப் படியுங்கள்.

4. ஐ.எஸ்.ஐ. முத்திரை: இந்தியாவில் விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

5. சுழலும் திசை: அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும். மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

6. ஐந்து டயர்: நான்கை மட்டும் மாற்றி ஸ்டெப்னியைப் பழைய அளவில் விடாதீர்கள். நடுக்காட்டில் பஞ்சராகி, அளவு மாறிய ஸ்டெப்னியோடு ஃபோர் வீல் டிரைவ் போட்டால், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும்.

7. பராமரிப்பு: 5,000 முதல் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். பட்டன்கள் ஒருபக்கமாகத் தேய்வதும் ஊளைச் சத்தமும் குறையும். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் எம்.டி. டயர் சேற்றில் தன் பலத்தை அதற்கு வெகு முன்பே இழந்துவிடும்.

ஒரு மாதக் கணக்கு

டயர் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு மாதம் பொறுங்கள். வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து, தினமும் ஓடிய தூரத்தை எழுதுங்கள்: தார் ரோடு எவ்வளவு, மண் பாதை எவ்வளவு, உண்மையான சேறு எவ்வளவு. நூற்றுக்குத் தொண்ணூறு தார் ரோடு என்றால் எச்.டி. அல்லது மென்மையான ஏ.டி. மூன்றில் ஒரு பங்கு மண், கல் பாதை என்றால் நல்ல ஏ.டி. அல்லது ஆர்.டி. வாரத்தில் பாதி நாள் சேற்றிலேயே பிழைப்பு என்றால் எம்.டி.; அதற்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் தகும். எஸ்டேட் மேஸ்திரிக்கும் தோட்டக்காரருக்கும் காட்டுப் பாதையில் நோயாளியை இறக்கிக் கொண்டுவரும் ஜீப் ஓட்டுநருக்கும் அது அலங்காரம் இல்லை, பிழைப்புக் கருவி.

அந்த டயர் போட்டவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். இந்தப் பட்டன்கள் மண்ணைக் கிழிக்கும் பலம் கொண்டவை. மழையில் நனைந்த மலைப் புல்வெளியில் ஒருமுறை ஓட்டிய தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். விதைத்த காட்டில் தடம் பதிப்பது ஒரு சம்சாரியின் வயிற்றில் அடிப்பது. தை முதல் பங்குனி வரை கடற்கரை மணலில் ஓட்டுவது, அங்கே ஆமை இட்டுவைத்த முட்டையின் மேல் ஓட்டுவதாகவும் ஆகலாம். இருக்கிற பாதையில் மட்டும் ஓட்டுங்கள். பாதை ஈரமாக இருந்தால் காயும்வரை காத்திருங்கள். வண்டியை நிறுத்தி, இறங்கி, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். விரலில் ஒட்டிக்கொண்டு விட மறுத்தால், அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.